டேப்பு, தங்கூசி, ஒரு சின்ன ரெசிஸ்டர்: எங்க குட்டி சாட்டிலைட்டோட ஆன்டெனாவ திறக்க வச்ச கதை

எங்க காலேஜ் டீம் கட்டுறது 1யூ க்யூப்சாட், அதாவது அளவு முன்கூட்டியே முடிவான பெட்டி வடிவ குட்டி சாட்டிலைட்டுல ஒரே ஒரு பெட்டி. 10 சென்டிமீட்டருக்கு 10 சென்டிமீட்டர், உயரம் 11.35 சென்டிமீட்டர். இப்ப கையில இருக்கறது இன்ஜினியரிங் மாடல் தான், இது பறக்காது, ஆனா பறக்கப் போறது என்னென்ன டெஸ்ட் எல்லாம் தாங்கணுமோ அது அத்தனையும் இதுவும் தாங்கிக் காட்டணும்ங்கறது தான் கைடு சார் போட்ட கண்டிஷன். சோலார் பேனல், பேட்டரி போர்டு, ஆன்போர்டு கம்ப்யூட்டர் எல்லாத்த பத்தியும் எழுதலாம் தான், ஆனா அதெல்லாம் ஓரளவு சொன்ன பேச்சு கேட்டுச்சு. சொன்ன பேச்சு கேக்காதது ஆன்டெனாவ திறக்குற மெக்கானிசம் தான், அதனால இந்தப் பதிவு முழுக்க அதுக்குத் தான்.

தமிழ்நாட்டு காலேஜுங்களுக்கு சாட்டிலைட் ஒண்ணும் புதுசு இல்ல. அண்ணா யுனிவர்சிட்டியோட அனுசாட் 2009 ஏப்ரல் 20ல பிஎஸ்எல்வி சி12ல போச்சு, எடை 40 கிலோ. எஸ்ஆர்எம்சாட் 2011 அக்டோபர்ல, கிட்டத்தட்ட 11 கிலோ. கன்னியாகுமரி மாவட்டத்துல இருக்கற நூருல் இஸ்லாம் யுனிவர்சிட்டியோட நியூசாட் 2017 ஜூன்ல, 15 கிலோ. சத்யபாமாசாட் 2016 ஜூன்ல போச்சு, அது வெறும் ஒன்றரை கிலோ. பெட்டி சின்னதாக ஆக எல்லாமே ஈஸி ஆகிடும்னு தான் வெளிய இருந்து பாக்குறவங்களுக்குத் தோணும், ஆன்டெனா விஷயத்துல அப்படியே உல்டா. ஏன்னா 10 சென்டிமீட்டர் அளவ 1999ல கால் பாலி, ஸ்டான்ஃபோர்டுல இருந்த ரெண்டு ப்ரொஃபசர் முடிவு பண்ணிட்டாங்க, ஆனா அலைநீளத்த யாரும் முடிவு பண்ண முடியாதே. எங்க ரேடியோ 437 மெகாஹெர்ட்ஸ், அமெச்சூர் சாட்டிலைட்டுக்குன்னு இருக்கற 435 - 438 பேண்டுல. அதோட அலைநீளம் 68 சென்டிமீட்டர் சொச்சம், கால் பங்குன்னா 17 சென்டிமீட்டர். பெட்டியோட ஒரு பக்கமே 10 தான். ஆக ஆன்டெனாவ மடிச்சு பெட்டிய சுத்தி கட்டி வச்சுத் தான் அனுப்பணும், மேல போனதும் அதுவா அவுந்து விரியணும். அது மட்டும் இல்லாம, ராக்கெட்ல சாட்டிலைட்ட அடைச்சு எடுத்துட்டுப் போற டிப்ளாயர் டப்பாவுல இருந்து வெளிய தள்ளுனதுக்கு அப்புறம் 30 நிமிஷத்துக்கு எதையும் விரிக்கக் கூடாது, 45 நிமிஷத்துக்கு ரேடியோவும் வாய திறக்கக் கூடாதுங்கறது நாங்க பின்பற்றுன க்யூப்சாட் விதி. பக்கத்துல போற மத்த சாட்டிலைட்டுங்களுக்கு தொந்தரவு ஆகிடக் கூடாதுல்ல.

இது விரியலன்னா உள்ள எவ்வளவு அருமையான போர்டு இருந்தாலும் அத்தனையும் குப்பை தான், ஒரு வார்த்தை கீழ வராது. பெரிய ஆளுங்களுக்கும் இது நடந்திருக்கு, நாசாவோட கலிலியோ விண்கலம் 1991ல குடை மாதிரியான மெயின் ஆன்டெனாவ விரிக்கப் போய் பாதியிலயே சிக்கிக்கிச்சு, கடைசி வரைக்கும் சரியா விரியல, சின்ன ஆன்டெனாவ வச்சே மொத்த மிஷனையும் ஓட்டுனாங்க. ஐரோப்பாவோட ஜூஸ் விண்கலத்துல 2023ல 16 மீட்டர் ரேடார் ஆன்டெனா மாட்டிக்கிட்டு, ஆட்டி உலுக்கி அடுத்த மாசம் தான் வெளிய எடுத்தாங்க. எங்ககிட்ட ஆட்டி உலுக்க த்ரஸ்டர் எல்லாம் கிடையாது.

ஆன்டெனாவுக்கு என்ன பொருள்னு ரொம்ப யோசிக்கல, உலகம் பூரா ஸ்டூடன்ட் டீம் எல்லாம் யூஸ் பண்றது அளவு டேப்பு தான். சுருட்டுனா சுருளும், விட்டா டப்புனு நிமிரும், குறுக்குவாட்டுல லேசா குழிஞ்சு இருக்கறதால தானா நேரா நிக்கும். ஹார்டுவேர் கடையில கார்பென்டர் வாங்குற டேப்பு ரொம்ப அகலம், சாவிக்கொத்துல தொங்குமே ஒரு மீட்டர் குட்டி டேப்பு, அதோட பட்டை கிட்டத்தட்ட 6 மில்லிமீட்டர், அது தான் எங்களுக்கு சரியா வந்துச்சு. மஞ்சள் பெயின்ட முழுசா சுரண்டணும். ஈயம் புடிக்கறதுக்கு நுனிய மட்டும் சுரண்டுனா போதும்னு தோணும், ஆனா வேக்கம்ல பெயின்ட், பசை எல்லாத்துல இருந்தும் ஆவி கிளம்பும், அது போய் கேமரா லென்ஸ்ல படியும். அதனால உப்புத்தாள வச்சு ரெண்டு பக்கமும் வெள்ளி நிறம் வர்ற வரைக்கும் தேச்சோம், ஜூனியர் பசங்க ரெண்டு பேருக்கு விரல் நுனி எல்லாம் போச்சு. தகரம் வெட்டுற கத்திரியில வெட்டுனா ஓரம் பிசிறு பிசிறா நிக்கும், அத அரத்துல ராவி விடணும். இந்தப் பிசிறு பின்னாடி ஒரு வேலை காட்டுச்சு, அதுக்கு வரேன்.

நீளத்த கால்குலேட்டர்ல போட்டு வெட்டிட்டா வேலைக்கு ஆகாது. பெட்டியோட அலுமினியம் உடம்பும் ஆன்டெனாவுல ஒரு பாகம் தான், அதனால எல்லாத்தையும் அசெம்பிள் பண்ணி, ஆன்டெனா எந்த ஃப்ரீக்வென்சிக்கு செட் ஆகியிருக்குன்னு கிராஃபா காட்டுற நானோவிஎன்ஏ மீட்டர்ல பாத்துக்கிட்டே மில்லிமீட்டர் மில்லிமீட்டரா நறுக்கணும். 18 சென்டிமீட்டர்ல ஆரம்பிச்சோம், கிராஃபோட பள்ளம் (டிப்) 437ல வந்து உக்காரும்போது 16 சொச்சம் இருந்துச்சு. சாட்டிலைட்ட ஸ்டீல் டேபிள் மேல வச்சு அளந்தா ரீடிங் வேற, தெர்மோகோல் மேல உயரமா வச்சா வேற, யாராவது பக்கத்துல வந்து எட்டிப் பாத்தா அதுவும் வேற. தெர்மோகோல் அடுக்கி வச்சு எல்லாரும் தள்ளி நின்னு எடுத்தது தான் நம்புற மாதிரி இருந்துச்சு.

கட்டி வைக்கறதுக்கு நைலான் நரம்பு, மீனவங்க தங்கூசின்னு சொல்றது. அறுக்கறதுக்கு நிக்ரோம் கம்பி, 0.2 மில்லிமீட்டர், நாலு சென்டிமீட்டர் நீளம். கரண்ட் விட்டா சூடாகி நரம்ப உருக்கிடும், அவ்ளோ தான் ஐடியா. நிக்ரோம்ல சாதாரண ஈயம் ஒட்டவே ஒட்டாது, எந்த பேஸ்ட் போட்டாலும் உருண்டு ஓடும், அதனால சின்ன பித்தளை ட்யூப்ல சொருகி நசுக்கி கிரிம்ப் பண்ணோம். டேபிள்ல டெஸ்ட் பண்ணா சூப்பர், சுவிட்ச தட்டுன கொஞ்ச செகண்டுல நரம்பு அறுந்து டேப்பு சடார்னு நிமிருது. ஸ்லோ மோஷன்ல வீடியோ எடுத்து எல்லா வாட்ஸ்அப் குரூப்லயும் போட்டாச்சு, டிபார்ட்மென்ட் ஹெச்ஓடி ஸ்டேட்டஸ்லயே அது ஓடுச்சு.

அதுக்கப்புறம் தான் பயோடெக் டிபார்ட்மென்ட்ல இருக்கற மைனஸ் 20 டிகிரி ஃப்ரீசர்ல வச்சோம். வெளிய எடுக்கும்போது தண்ணி முத்து முத்தா படியும்ங்கறதால சாட்டிலைட்ட சிலிகா ஜெல் பாக்கெட்டோட ஜிப் லாக் கவர்ல போட்டு, சீரியல் வயர் ஒண்ண மட்டும் கதவு ரப்பர் வழியா வெளிய இழுத்து லேப்டாப்ல மாட்டி வச்சிருந்தோம். பேட்டரிய வேணும்னே பாதி சார்ஜ்ல தான் வச்சோம், ஏன்னா ராக்கெட்காரங்ககிட்ட ஒப்படைச்சதுக்கு அப்புறம் மாசக்கணக்குல சும்மா கிடக்கும், மேல போகும்போது ஃபுல் சார்ஜ் இருக்கும்னு நம்பி எதையும் டிசைன் பண்ண முடியாது. 30 நிமிஷம் முடிஞ்சுது, பர்ன் ஸ்டார்ட்னு ஸ்கிரீன்ல வந்துச்சு, அடுத்த வரி பர்ன் முடிஞ்சதுன்னு வரணும், வந்தது என்னன்னா பூட் ஓகே. சரி ஏதோ ஒரு தடவை ஆகிருச்சு போலன்னு உக்காந்திருந்தா, அரை மணி நேரம் கழிச்சு மறுபடி பர்ன் ஸ்டார்ட், மறுபடி பூட் ஓகே. அது பாட்டுக்கு அரை மணிக்கு ஒரு தடவை செத்து செத்து பொழச்சுக்கிட்டு இருக்கு, ஆன்டெனா மட்டும் கட்டுன கட்டுலயே இருக்கு.

நடந்தது இது தான். அந்த நிக்ரோம் துண்டோட ரெசிஸ்டன்ஸ் ஒன்றரை ஓம் கூட இல்ல, பேட்டரியில இருந்து நேரா குடுத்தா ரெண்டு ஆம்பியருக்கு மேல இழுக்கும். ரூம் டெம்பரேச்சர்ல பேட்டரி அத சமாளிக்குது. குளிர்ல லித்தியம் அயான் செல்லோட உள் ரெசிஸ்டன்ஸ் பல மடங்கு ஏறிடும், அதனால பர்ன் ஆரம்பிச்ச உடனே வோல்டேஜ் படுத்துருது, 3.3 வோல்ட் ரெகுலேட்டர் கைய விரிக்குது, கன்ட்ரோலர் வோல்டேஜ் பத்தாம ப்ரவுன் அவுட் ஆகி ரீசெட். ரீசெட் ஆனதும் கரண்ட் நின்னுரும், வோல்டேஜ் திரும்ப ஏறும், ப்ரோக்ராம் முதல்ல இருந்து ஆரம்பிக்கும், 30 நிமிஷ டைமரும் சைபர்ல இருந்து. மேல இது நடந்தா கீழ இருக்கறவனுக்கு எதுவுமே தெரியாது, ரேடியோ ஆன் ஆகற கட்டத்துக்கே ப்ரோக்ராம் போகாதே. செத்துப் போன சாட்டிலைட்டுக்கும் இதுக்கும் தரையில இருந்து பாத்தா எந்த வித்தியாசமும் இல்ல. எத்தனை காலேஜ் சாட்டிலைட்டு இப்படி மேல உசுரோட இருந்துக்கிட்டே பேச முடியாம சுத்திட்டு இருந்திருக்குமோன்னு அன்னைக்கு கேன்டீன்ல ஒரே பேச்சு.

சாஃப்ட்வேர் பக்கம் வழி சுலபம். எவ்வளவு நேரம் ஓடிச்சு, எந்த கட்டத்துல இருக்கோம்னு எஃப்ரேம்ங்கற மெமரி சிப்ல எழுதிக்கிட்டே வரணும், பவர் போனாலும் அழியாது. பூட் ஆகும்போது முதல்ல அத படிச்சு, பர்ன் ஆரம்பிச்சு முடியாம நின்னுருக்குன்னு தெரிஞ்சா, அதே பர்னர (நரம்ப அறுக்குற ஹீட்டர) திரும்ப நோண்டாம மாத்துக்குன்னு வச்ச ரெண்டாவது பர்னருக்கு போகணும், அதுவும் ஃபெயில்னா பேட்டரி வெயில்ல கொஞ்சம் சார்ஜ் ஏறுற வரைக்கும் காத்திருந்து மறுபடி முதல்ல இருந்து, இது நிக்கவே கூடாது. டேப்பு விரிஞ்சுருச்சான்னு பாக்க ஒரு மைக்ரோ சுவிட்ச் வச்சிருக்கோம், ஆனா அது விரிஞ்சாச்சுன்னு சொன்னாலும் ஒரு தடவை எக்ஸ்ட்ரா பர்ன் பண்ற மாதிரி எழுதியாச்சு. சுவிட்ச் பொய் சொல்லும், அத நம்பி மொத்த சாட்டிலைட்டையும் அடமானம் வைக்க முடியாது.

கரண்ட் பிரச்சினைய மட்டும் சாஃப்ட்வேர் தீக்காது. அதுக்கு என்ன பண்றதுன்னு பாக்குறதுக்குள்ள பிசிக்ஸ் டிபார்ட்மென்ட்ல இருந்து பெல் ஜார் கெடச்சுது. தின் ஃபிலிம் லேப்ல வேக்கம் கோட்டிங் யூனிட் இருக்கும்ல, கண்ணாடி மணி கவுத்து வச்ச மாதிரி, ரோட்டரி பம்ப், டிஃப்யூஷன் பம்ப் ரெண்டும் சேந்து 10ன் அடுக்கு மைனஸ் 5 மில்லிபார் வரைக்கும் இழுக்கும். இன்சார்ஜ் மேடம் ஒரே ஒரு விஷயத்துல ரொம்ப ஸ்ட்ரிக்ட், லித்தியம் பேட்டரி என் சேம்பருக்குள்ள வரக் கூடாது, ஹாட் க்ளூ, செல்லோ டேப் எதுவும் வரக் கூடாது. அதுவும் நியாயம் தான், ஒரு தடவை அழுக்கானா அவங்க ரிசர்ச் ஸ்காலருங்க ஃபிலிம் எல்லாம் போச்சு. ஆன்டெனா பேனல மட்டும் உள்ள வச்சு, இழைக்கு கரண்ட் குடுக்கற எலக்ட்ரோடு வழியா வெளிய பவர் சப்ளைல இருந்து ஃபுல் சார்ஜ் பேட்டரி அளவு வோல்டேஜ் குடுத்தோம். நிக்ரோம் ஒரு நொடி பளிச்சுனு ஆரஞ்சு கலர்ல எரிஞ்சுது, நரம்பும் அறுந்துச்சு, கூடவே நிக்ரோமும் அறுந்து போச்சு.

காத்துல இருக்கும்போது கம்பியோட சூட்ட காத்து தொடர்ந்து எடுத்துக்கிட்டே இருக்கு, வேக்கம்ல அது இல்ல, கதிர்வீச்சா மட்டும் தான் சூடு போகணும், அதனால அதே கரண்டுக்கு கம்பி பல நூறு டிகிரி அதிகமா ஏறிடும். ஆக எங்க டிசைன் குளிர்ல பாதி சார்ஜ்ல பத்தல, வேக்கம்ல ஃபுல் சார்ஜ்ல ஓவர். டேபிள் மேல ரெண்டுக்கும் நடுவுல சரியா உக்காந்திருந்துச்சு, அதனால தான் வீடியோ அவ்ளோ அழகா வந்துச்சு. நிக்ரோம முறையா யூஸ் பண்றவங்க கான்ஸ்டன்ட் கரண்ட் சர்க்யூட் போட்டு பண்றாங்க, அமெரிக்க கடற்படை ஆராய்ச்சி லேப் டிசைன் ஒண்ணு 1.6 ஆம்பியர்ல நிறுத்தி வைக்கும். எங்க பவர் போர்டுல அதுக்கு இடமும் இல்ல, குளிர்ல 1.6ம் எங்க பேட்டரிக்கு ஜாஸ்தி.

கடைசில வேலை செஞ்சது கால் வாட் மெட்டல் ஃபிலிம் ரெசிஸ்டர், 10 ஓம். சென்னை ரிச்சி ஸ்ட்ரீட்டுல கைநிறைய அள்ளிக் குடுப்பாங்களே, அதே தான். பேட்டரிய நேரா குடுத்தா ஒண்ணு புள்ளி நாலு வாட் போல எரியும், கால் வாட்டுக்கு செஞ்ச பொருள் அது, அஞ்சு மடங்குக்கு மேல ஓவர்லோடு, உடம்பு கொதிச்சுரும். நைலான் 220 டிகிரி வாக்குல உருக ஆரம்பிக்கும், நரம்பு ரெசிஸ்டர் மேல இறுக்கி அழுந்தி இருந்தா போதும். கரண்ட் வெறும் 0.37 ஆம்பியர், குளிர்ல பேட்டரி கண்டுக்கவே இல்ல. முக்கியமா, ஈயம் ஒட்டும்! கிரிம்ப் தலைவலி மொத்தமா போச்சு. நேரம் மட்டும் கூட ஆகுது, நிக்ரோம் மாதிரி படார்னு இல்ல, ஃப்ரீசர்ல அரை நிமிஷம் கிட்ட எடுத்துக்குது, அதனால பர்ன் டைம்ம அதுக்கு மேலயே வச்சாச்சு. வேக்கம்ல சீக்கிரமே அறுக்குது. பெயின்ட் கருகி லேசா புகை வர்றது ஒரு குறை, அதனால கேமரா இருக்கற பக்கத்துக்கு நேர் எதிர் பேனல்ல கொண்டு போய் வச்சோம். ஒவ்வொரு நரம்புக்கும் ரெண்டு ரெசிஸ்டர், தனித்தனி மாஸ்ஃபெட் சுவிட்ச், தனித்தனி ட்ராக்.

அடுத்தது வைப்ரேஷன். வெளிய ஒரு டெஸ்டிங் லேப்ல மணிக்கணக்குல வாடகை, அதனால போறதுக்கு முன்னாடி எல்லா ஸ்க்ரூவுக்கும் லாக்டைட் பசை போட்டு, திரும்புனா தெரியற மாதிரி டார்க் மார்க் வரைஞ்சு, டிப்ளாயர் மாதிரியே ஒரு அலுமினியம் பெட்டி மெக்கானிக்கல் பசங்கள வச்சு மில்லிங் பண்ணி எடுத்துட்டு போனோம். மூணு அச்சுலயும் 20ல இருந்து 2000 ஹெர்ட்ஸ் வரைக்கும் ரேண்டம் ஆட்டம், அதுக்கு முன்னாடியும் பின்னாடியும் லேசான சைன் ஸ்வீப், அதாவது ஒவ்வொரு ஃப்ரீக்வென்சியா ஏத்திக்கிட்டே போய் எதுல அதிகமா அதிருதுன்னு (அது தான் பீக்) பாக்குறது. ரெண்டு ஸ்வீப்லயும் பீக் ஒரே இடத்துல இருந்தா உள்ள எதுவும் கழண்டுக்கல, உடையலன்னு அர்த்தம். பீக் நகரல, லேப்காரர் கையெழுத்து போட்டுட்டாரு, எல்லாரும் பிரியாணிக்கு கிளம்பிட்டோம்.

காலேஜ்ல வந்து பூதக்கண்ணாடி வச்சு பாத்தா தான் தெரிஞ்சுது, நரம்பு டேப்போட ஓரத்த தாண்டி திரும்புற இடத்துல வெள்ளையா ஒரு கோடு, அதுக்குள்ள நகத்துல தடவுனா தட்டுப்படுற அளவு சின்ன வெட்டு. ராவுன ஓரம் தான், ஆனாலும் ஆட்டத்துல ரம்பமா மாறியிருக்கு. இன்னும் கொஞ்சம் ஆழமா போயிருந்தா நரம்பு டிப்ளாயருக்குள்ளயே அறுந்து, டேப்பு உள் சுவத்துல விரிஞ்சு அழுத்தி, எங்க சாட்டிலைட் வெளிய வராம சிக்கி பின்னாடி வரிசையில இருக்கறவனையும் சேத்து மாட்டி விட்டிருக்கும். சைன் ஸ்வீப் கிராஃப்ல இது தெரியவே தெரியாது, ஒரு கிராம் கூட இல்லாத நரம்பு எந்த பீக்க நகத்தும். டேப்போட நுனியில டெஃப்ளான் துண்டு ஒண்ண வச்சு, அதுல வளைஞ்ச ஒரு வழி போட்டு, நரம்பு ஸ்டீல தொடவே தொடாத மாதிரி மாத்துனோம். இன்னொரு ஸ்லாட் காசு குடுத்து திரும்ப ஆட்டிப் பாத்தோம், வெள்ளைக் கோடு இல்ல. அந்த ரெண்டாவது பில்லுக்கு கையெழுத்து வாங்க ஆபீஸுக்கு நடந்தது தனிக் கதை.

அப்புறம் தான் எல்லாத்தையும் வரிசையா பண்ணோம், ஆட்டி முடிச்ச அதே பேனல், அதே நரம்ப மாத்தாம, ஃப்ரீசர்ல பாதி சார்ஜ்ல ஒண்ணு, பெல் ஜார்ல ஒண்ணு. தனித்தனியா பாஸ் ஆன டெஸ்டுக்கு நாங்க இப்பல்லாம் மதிப்பே குடுக்கறது இல்ல. ரெண்டும் விரிஞ்சுது, வேணும்னே முதல் ரெசிஸ்டரோட வயர கழட்டி விட்டும் பாத்தோம், ரெண்டாவது எடுத்துக்கிச்சு.

விரிஞ்ச ஆன்டெனா கீழ கேக்குமான்னு பாக்க ஏற்காடு போனோம். காலேஜ் மொட்டை மாடியில ரிசீவர், லேடீஸ் சீட் வியூ பாயின்ட்ல சாட்டிலைட், நேர்கோட்டுல 20 கிலோமீட்டர் வாக்குல, நடுவுல எதுவும் மறைக்கல. ஹாம் லைசென்ஸ் இருக்கற சார் கூட வந்திருந்தாரு, இல்லாம அந்த பேண்டுல ட்ரான்ஸ்மிட் பண்ண முடியாது. 500 கிலோமீட்டர் உயரத்துல சுத்துற சாட்டிலைட் அடிவானத்துக்கு பக்கத்துல இருக்கும்போது நமக்கும் அதுக்கும் 2000 கிலோமீட்டர் தூரம் வரும். 20க்கு அது 100 மடங்கு, தூரம் 100 மடங்கு ஆனா சிக்னல் 10,000 மடங்கு குறையும், அதாவது 40 டெசிபல். ஆக ரேடியோவுக்கும் ஆன்டெனாவுக்கும் நடுவுல சிக்னல 40 டெசிபல் குறைக்கற அட்டெனுவேட்டர் சொருகுனா மலை உச்சியே விண்வெளி ஆகிடும். சொருகிப் பாத்தா சிக்னல் 20 சொச்சம் டெசிபல் தான் குறைஞ்சுது. போர்டே சிக்னல நேரா ஒழுக விடுது, அட்டெனுவேட்டர சுத்திக்கிட்டு போகுது. சாப்பாடு எடுத்துட்டு வந்த எவர்சில்வர் தூக்க கழுவி, போர்டையும் பேட்டரியையும் உள்ள வச்சு மூடி, மூடியில ஏற்கனவே இருந்த ஓட்டை வழியா கேபிள எடுத்து, சந்துல அலுமினியம் ஃபாயில் சுத்துனதும் தான் 40க்கு பக்கத்துல வந்துச்சு (புளியோதரை வாசம் போர்டுல ரெண்டு நாள் இருந்துச்சு, குரங்கு வேற பின்னாடியே). ஆர்டிஎல் எஸ்டிஆர்ங்கற யூஎஸ்பி ரிசீவர் டாங்கிள், கையில செஞ்ச யாகி ஆன்டெனா, இது ரெண்டுல, சாட்டிலைட்டோட அடையாள சிக்னலான பீக்கன் கோடு ஸ்கிரீன்ல ஓடுற வாட்டர்ஃபால் படத்துல தெளிவா தெரிஞ்சுது, டேட்டா பாக்கெட் தான் அங்கங்க உடைஞ்சு வந்துச்சு. மேல போனா சாட்டிலைட் வேகமா நகர்றதால வர்ற டாப்ளர் விளைவுனால ஃப்ரீக்வென்சி மேலயும் கீழயும் 10 கிலோஹெர்ட்ஸ் வேற நகரும், அத மலையில சோதிக்க வழி இல்ல, ரிசீவர் சாஃப்ட்வேர்ல போலியா நகத்தி தான் பாக்கணும்.

இன்னும் பாக்கி இருக்கறது நரம்போட பொறுமை. நைலான் இழுவையில கிடந்தா மெதுவா நீளும், ஈரம் குடிக்கும். தளர்ந்துட்டா டேப்பு லேசா உப்பி டிப்ளாயர் சுவத்துல உரசும், நரம்பும் ரெசிஸ்டர விட்டு விலகிடும். ஸ்பேர் பேனல் ஒண்ண கட்டி, தேதி எழுதி லேப் ஷெல்ஃப்ல வச்சிருக்கோம், பக்கத்துலயே உருகுநிலை கம்மியான பாலி எத்திலீன் ஜடை நூல்ல இன்னொண்ணு. மாசா மாசம் வெர்னியர்ல உப்பல அளந்து எழுதறது இப்ப செகண்ட் இயர் பசங்க வேலை. இதுவரைக்கும் நைலான் முதல் வாரத்துல கொஞ்சம் விட்டுக் குடுத்துட்டு அங்கயே நிக்குது, ஜடை நூல் முடிச்சு வழுக்குது. முடிச்சு மேல எபாக்ஸி ஒரு சொட்டு வைக்கலாமான்னு பேச்சு போயிட்டு இருக்கு, வேக்கம்ல அதிகம் ஆவி விடாத எபாக்ஸி எது, எங்க கிடைக்கும்னு தெரிஞ்சவங்க சொல்லுங்க.